பிரஸ் எண்ணெய் கொதிக்கிறது: எந்த அளவு கூலர் வாங்குவது?

கேள்வி: எங்கள் பட்டறையில் 15 குதிரைத்திறன் மோட்டார் கொண்ட ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று ஓடுகிறது. தொட்டியில் 68-ஆம் எண் எண்ணெய் 200 லிட்டர் இருக்கிறது. காலையில் 35 டிகிரியில் இருக்கும் எண்ணெய் அரை மணி நேரத்தில் 55 டிகிரிக்கு ஏறி, ஒரு மணி நேரத்தில் 70-ஐத் தாண்டுவதால் இயந்திரத்தை நிறுத்தி ஆறவிடுகிறோம். மோட்டார் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு ஏர் கூலர் (காற்றை ஊதி எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி) மாட்டினால் போதும் என்கிறார் விற்பனையாளர். சரிதானா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கணக்குப் போடத் தேவையான அளவீட்டை நீங்களே எடுத்துவிட்டீர்கள். 200 லிட்டர் எண்ணெய் சுமார் 174 கிலோ எடை இருக்கும். அதை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 340 கிலோஜூல் வேண்டும். 30 நிமிடத்தில் 20 டிகிரி ஏறியதென்றால் எண்ணெய்க்குள் மட்டும் 3.8 கிலோவாட் வெப்பம் இறங்கியிருக்கிறது. தொட்டியின் இரும்பு வாங்கிக்கொண்டதையும் அதன் பக்கங்கள் வழியே காற்றில் போனதையும் சேர்த்து 5 கிலோவாட் என்று வைத்துக்கொள்வது நல்லது.

விற்பனையாளரின் எண்ணும் 3.7 கிலோவாட் என்று பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கூலரின் திறன் என்பது உள்ளே வரும் எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கேட்லாக்கில் அது பெரும்பாலும் 40 டிகிரி வித்தியாசத்துக்குக் குறிக்கப்பட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே காற்றே 42 டிகிரி இருக்கும்போது, எண்ணெயை 55-இல் நிறுத்த விரும்பினால் உங்களுக்குக் கிடைக்கும் வித்தியாசம் வெறும் 13 டிகிரி. அதாவது டிகிரிக்கு 0.39 கிலோவாட் வேண்டும். கேட்லாக் கணக்கில் அது 15 கிலோவாட்டைத் தாண்டுகிறது. 5 கிலோவாட் என்று அச்சிட்ட கூலரை வாங்கி மாட்டினால், கோடையில் அது 1.6 கிலோவாட்தான் எடுக்கும். ஆகவே விலை கேட்கும் முன், எத்தனை டிகிரி வித்தியாசத்தில், எத்தனை லிட்டர் ஓட்டத்தில் அந்தத் திறன் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

காற்றுக்குப் பதில் தண்ணீரால் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரும் உண்டு. கூலிங் டவர் (சுடுதண்ணீரை ஆறவைக்கும் கோபுரம்) இருந்து, 32 டிகிரி தண்ணீர் கிடைக்குமானால், வித்தியாசம் 23 டிகிரியாகிவிடும். நிமிடத்துக்கு சுமார் 15 லிட்டர் தண்ணீர் போதும். உப்புத் தண்ணீராக இருந்தால் குழாய்க்குள் படிவு கட்டி, திறன் குறைந்துகொண்டே போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் என்பதே என் அழுத்தமான வேண்டுகோள். பம்ப் நிமிடத்துக்கு 36 லிட்டர் தள்ளி, அழுத்திப் பிடிக்கும் நேரம் முழுவதும் அந்த எண்ணெய் 150 பார் அழுத்தத்தில் ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறாமல் எண்ணெயைத் திறந்துவிடும் வால்வு) வழியே தொட்டிக்குத் திரும்புவதாகக் கொண்டால், 36-ஐ 150-ஆல் பெருக்கி 600-ஆல் வகுக்க, 9 கிலோவாட் வருகிறது; ஒரு வேலையும் செய்யாமல் அவ்வளவும் வெப்பமாகிறது. அந்த நேரத்தில் ரிலீஃப் வால்வைக் கையால் தொட்டால் கை பொறுக்காது. பிடிக்கும் அழுத்தத்தைச் செக் வால்விடம் (எண்ணெயை ஒரே திசையில் மட்டும் விடும் வால்விடம்) விட்டுவிட்டு, பம்பை அன்லோடிங் வால்வு மூலம் அழுத்தமில்லாமல் சுற்றவிட்டால் இந்த வெப்பத்தில் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது. சூட்டைச் சகித்துக்கொண்டு ஓட்டுவது மட்டும் கூடாது: 40 டிகிரியில் 68 சென்டிஸ்டோக் தடிமனுள்ள எண்ணெய் 70 டிகிரியில் 20 அளவுக்கு இளகிவிடும், பம்புக்குள் கசிவு கூடி, அந்தக் கசிவே மேலும் சூடாக்கும்.

வால்வை மாற்றிய பிறகு அதே அரை மணி நேரச் சோதனையைத் திரும்பச் செய்து, புதிய எண்ணைக் கொண்டு கூலர் வாங்குங்கள். எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் மாட்டுவதானால், அழுத்தம் கூடும்போது கூலருக்குள் விடாமல் எண்ணெயைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு கட்டாயம் வேண்டும்; பிரஸ் அழுத்தத்தை விடுவிக்கும் கணத்தில் பாயும் எண்ணெயின் அதிர்ச்சி கூலரின் மூட்டுகளைப் பிளந்துவிடும்.