35,000 ரூபாய்க்கு என்ன வாங்கப் போகிறீர்கள்?

கேள்வி: மூன்று வருடமாக உழைத்து 640 பக்கத்தில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். எங்கள் ஊர் நெசவாளர் குடும்பத்தின் கதை. படித்த நண்பர்கள் எல்லாருமே பிரமாதம் என்கிறார்கள். பதிப்பகங்களுக்கு அனுப்பும் முன் தொழில்முறை எடிட்டர் ஒருவரிடம் காட்டலாமா? ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார். எடிட் செய்வதோடு தெரிந்த பதிப்பகத்தில் சிபாரிசும் செய்வாராம். எடிட்டிங் பதிப்பகத்தின் வேலைதானே, நான் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. முதல் 40 பக்கங்களையும், பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சின்னாளப்பட்டி)

பதில்: நண்பர்களை முதலில் ஓரமாக உட்கார வைத்துவிடுவோம். 640 பக்கத்தையும் அவர்கள் படித்தார்களா என்று தெரிந்துகொள்ள, “எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது?” என்று கேட்டுப் பாருங்கள். “எங்குமே இல்லை” என்று பதில் வந்தால் அவர் படிக்கவில்லை. நான் 40 பக்கம்தான் படித்தேன், எனக்கு மூன்று இடங்களில் தட்டியது.

காட்டலாமா என்றால், காட்டலாம். ஆனால் யாரிடம் காட்டுவது, எவ்வளவு கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்களே தவிர, எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ‘எடிட்டிங்’ என்ற ஒரே சாக்குக்குள் நாம் மூன்று வேலைகளைத் திணித்து வைத்திருக்கிறோம். முழு நாவலையும் படித்து, கதை எங்கே நிற்கிறது, எங்கே நொண்டுகிறது, யார் தேவையில்லாமல் நடமாடுகிறார்கள் என்று நான்கைந்து பக்கத்தில் எழுதித் தருவது ஒரு வேலை. வாக்கியம் வாக்கியமாக உட்கார்ந்து செம்மையாக்குவது இன்னொன்று. ஒற்று, எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி பார்ப்பது மூன்றாவது. அதற்குப் பெயர் ப்ரூஃப், மெய்ப்பு. நம் ஊரில் பெரும்பாலும் மூன்றாவதைச் செய்துவிட்டு முதலாவதற்குக் காசு வாங்குகிறார்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது முதலாவது மட்டும்தான். இடிக்கப் போகும் சுவருக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா?

ஏன் இடிக்க வேண்டும் என்கிறேன்? உங்கள் நாவல் பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் மகன், அப்பாவின் காரியத்துக்கு ஊர் திரும்புவதில் ஆரம்பிக்கிறது. கீழ்வானம் சிவக்கிறது, பறவைகள் கூவுகின்றன, பேருந்து திண்டுக்கல்லைத் தாண்டுகிறது, அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிந்திக்கிறான். சிந்தனை பதினோரு பக்கம். அப்புறம் 14ஆம் பக்கத்தில் அம்மா வருகிறாள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது, அறுந்த பாவு இழையை எச்சில் தொட்டு முடிந்துகொண்டே, நிமிராமல் அவனுக்குப் பதில் சொல்கிறாள். அந்த ஒரு பக்கத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த பக்கத்திலேயே அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, மறுபடி மகனைச் சிந்திக்க விட்டுவிட்டீர்கள். இதை உங்களிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவர் 35,000 ரூபாய் ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அதே 40 பக்கத்தில் இன்னொன்று. 19ஆம் பக்கத்தில் குழித்தறியை விற்றுவிடுகிறார்கள். தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றுவதையே முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், நன்றாகவும் இருக்கிறது. 31ஆம் பக்கத்தில் அம்மா குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு மிதிக்கட்டையை மிதிக்கிறாள். நாடா ஓடும் சத்தம்கூடக் கேட்கிறது. விற்ற தறி எப்படித் திரும்பி வந்தது? எழுத்துப்பிழை பார்ப்பவர் இதைப் பிடிக்க மாட்டார். அந்தப் பக்கத்தில் பிழையே இல்லையே!

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீக்கு நடந்ததை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது அச்சாக உங்கள் கதை. 1957இல் அவர் லிப்பின்காட் பதிப்பகத்திடம் கொடுத்த நாவலிலும், நியூயார்க்கில் வாழும் பெண் ஒருத்தி சொந்த ஊர் திரும்பி அப்பாவைப் பார்க்கிறாள். அங்கே எடிட்டராக இருந்த டே ஹோஹாஃப், பழைய நினைவாக வந்துபோன சிறுவயதுப் பகுதிகளில்தான் உயிர் இருக்கிறது என்று கண்டார். இரண்டு வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப எழுத வைத்தார். 1960இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நாவல் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ அப்படி உருவானதுதான். முதலில் கொடுத்த பிரதி 2015இல் தனிப் புத்தகமாக வந்தபோது, எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் என்று உலகமே ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த இரண்டு வருடம் எழுதியவர் எடிட்டர் அல்ல, லீதான் என்பதையும் கவனியுங்கள். பணம் கொடுத்துப் பிரதியை ஒப்படைத்துவிட்டால் சரிசெய்து திரும்பி வரும் என்று நினைக்கிறீர்கள். அது தையல் கடை.

இப்போது பதிப்பகத்தின் வேலைதானே என்ற கேள்வி. நியாயமான கேள்வி. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் (அதே பெயருள்ள எழுத்தாளர் அல்ல), பிரதியைச் செம்மையாக்குவதைப் பதிப்பாளரின் கடமையாகவே வைத்திருந்தார். 2020இல் அவர் மறைந்தபோது பலரும் முதலில் நினைவுகூர்ந்தது அவருடைய எடிட்டிங்கைத்தான். அந்த வழியில் இன்றும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் சம்பளத்துக்கு ஒரு எடிட்டரை வைத்திருக்கும் தமிழ்ப் பதிப்பகங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்றால், அக்டோபரிலிருந்து அங்கே பிரதி படிக்க யாருக்கும் நேரம் கிடையாது. அந்தச் சமயத்தில் போய்ச் சேரும் நாவல், ஒன்று மேஜைக்கடியில் தூங்கும், இல்லையென்றால் வந்த மேனிக்கு அச்சுக்குப் போய்விடும். இரண்டாவது இன்னும் மோசம். பொங்கல் கழிந்து, கணக்கெல்லாம் முடிந்தபின் மார்ச் வாக்கில் அனுப்புங்கள். அப்போதும் எடிட்டர் கிடைப்பார் என்று நம்பி அரைகுறையாக அனுப்ப வேண்டாம்.

பணக் கணக்கு ஒன்றும் போட்டுவிடுவோம். புத்தக விலை 700 ரூபாய், ராயல்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பிரதி விற்றால் உங்கள் கைக்கு 21,000 வரும். அதுவும் வந்தால். எடிட்டருக்குக் கொடுத்த 35,000 வர, 500 பிரதி விற்றாக வேண்டும். புதிய எழுத்தாளரின் முதல் நாவல் 500 போவது இன்றைக்குச் சாதாரண காரியமில்லை. தேவைக்கேற்ப நூறு இருநூறு பிரதி என்று அச்சடித்துக்கொள்ளும் காலம் இது.

அந்தச் சிபாரிசு விஷயத்தில் எனக்கு ஒட்டவே இல்லை. உங்களிடம் கூலி வாங்குகிறவர் பதிப்பகத்திடம் போய் உங்கள் நாவல் சுமார் என்று சொல்வாரா? அல்லது உங்களிடம், இதை அனுப்ப வேண்டாம், திருப்பி எழுதுங்கள் என்றுதான் சொல்வாரா? எடிட்டரின் மதிப்பே அதைச் சொல்ல முடிவதில்தான் இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். எதற்கும் பத்துப் பக்கம் மட்டும் கொடுத்து, மாதிரிக்கு எடிட் செய்து தரச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் கூலியும் கொடுங்கள். தறியை விற்கும் பக்கத்தையும், அது திரும்பி வரும் பக்கத்தையும் அந்தப் பத்தில் சேர்த்தே கொடுங்களேன். பிடிக்கிறாரா பார்ப்போம்.

அதற்கு முன் நீங்களே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, காசும் ஆகாது. மூன்று மாதம் நாவலைத் தொடாதீர்கள். பிறகு அச்செடுத்து, தினமும் இருபது பக்கமாக, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், நின்று திருத்தாதீர்கள். முடிந்ததும் உங்கள் ஊரில் தறியில் உட்கார்ந்த ஒருவரிடமும், நாவல் நிறையப் படிக்கிற, ஆனால் உங்களுக்குச் சொந்தமோ நட்போ இல்லாத ஒருவரிடமும் கொடுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். இருவரும் ஒரே இடத்தைச் சொன்னால் வாதாட வேண்டாம். அதற்குப் பிறகும் உங்களால் தீர்க்க முடியாத கேள்வி மிஞ்சினால், அந்தக் கேள்வியோடு எடிட்டரிடம் போங்கள். படித்து அறிக்கை தருவதற்கு மட்டும் பேசுங்கள், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

40 பக்கங்களையும் பென்சில் குறிகளோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதிப்பகத்துக்கான கடிதத்தில், “திரைப்படமாக எடுக்கவும் மிகப் பொருத்தமான கதை” என்ற வரியை மட்டும் பேனாவாலேயே அடித்திருக்கிறேன், மன்னிக்கவும்.