தொட்டி மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் என்ன செய்வது?

"இலைகள் சுருள்கின்றன, பூவும் உதிர்கிறது, எந்த மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தை எடுக்கும் முன் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். விளிம்புகள் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன் (சாறு உறிஞ்சும் மிகச் சிறிய பூச்சி). கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, கொழுந்து சிறுத்திருந்தால் சிலந்திப்பேன் (சிலந்திக்கு உறவான நுண்ணிய உயிரி). ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கொழுந்தை மெல்லத் தட்டுங்கள். மஞ்சள் நிறத்தில் ஊசிமுனை அளவு கோடுகள் விழுந்து ஓடினால் இலைப்பேன்தான். சிலந்திப்பேன் வெறும் கண்ணுக்குத் தெரிவது அரிது.

தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா? அப்படியானால் சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகளான அசுவினியோ, வெள்ளை மாவு படிந்ததுபோல் தெரியும் மாவுப்பூச்சியோ இருக்கும். அவை கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காகவே எறும்பு வருகிறது. அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே விரட்டிவிடலாம்.

மற்றவற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மிதக்குமே தவிரக் கலக்காது. மாலையில், முக்கியமாக இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். முட்டைகள் தப்பிவிடுவதால் வாரம் ஒருமுறையாக மூன்று தடவையாவது வேண்டும். ஒரே தெளிப்போடு "வேப்பெண்ணெய் வேலைக்காகாது" என்று கைவிடுபவர்களே அதிகம்!

சுருண்ட இலை மீண்டும் விரியாது. புதுக் கொழுந்து நேராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி என்றால் மருந்தே கிடையாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள்.