சொன்னதைச் செய்யாத நாய்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறேன். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். காவலுக்கென்று ஒரு ஹஸ்கி வாங்கினேன். யார் வந்தாலும் வாலாட்டுகிறது. கூப்பிட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வழியில் போகிறது. ராத்திரியெல்லாம் ஊளை. போன வாரம் வேலிக்கு அடியில் குழி தோண்டிப் போய், பக்கத்து வீட்டுப் பாட்டியின் கோழிகளைக் கடித்துப்போட்டது. லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், தாத்தா வளர்த்த நாய் ஒரு அதட்டலுக்கு அடங்கிவிடும். இதற்கு நன்றியே இல்லை. எப்படி அடக்குவது? சூட்டுக்கு முடியை மழித்துவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மழிக்கவே கூடாது. அந்த இரண்டு அடுக்கு முடி குளிரை மட்டுமல்ல, வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். பகலில் ஏர்கான் அறையில் வையுங்கள். நடையை விடிவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கரண்டு பில்லைப் பற்றி நாயை வாங்குவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

காவலுக்கு ஹஸ்கி வாங்கச் சொன்னது யார்? சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த இனம் அது. மனிதரோடு கூட்டமாக வாழ்ந்தே பழகியது. திருடனையும் வாலாட்டித்தான் வரவேற்கும். ஜப்பானின் அகிதா நாய் வேறு மாதிரி. கரடி வேட்டைக்குப் போனது, புது ஆளிடம் ஒட்டாது. நிமிர்ந்த காதும் சுருண்ட வாலும் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே குணம் என்று நினைக்காதீர்கள். கோழி விஷயமும் அப்படித்தான். கோடையில் வண்டி வேலை இல்லாதபோது சுக்சி மக்கள் நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். அவை தாமே வேட்டையாடித் தின்னும். பாட்டிக்குக் காசைக் கொடுத்துவிட்டு, வேலிக் கம்பியை மண்ணுக்குள் ஒரு முழம் இறக்குங்கள்.

சரி, இதெல்லாம் சின்ன விஷயம். ‘நன்றியே இல்லை’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

பனிவண்டியில் எல்லா நாய்களுக்கும் முன்னால் ஓடும் முன்னத்தி நாய் என்று ஒன்று உண்டு. ஓட்டுபவர் ‘போ’ என்கிறார். முன்னால் பனி மெலிந்திருக்கிறது, அடியில் கடல். அது அவருக்குத் தெரியாது, நாயின் பாதத்துக்குத் தெரியும். நல்ல முன்னத்தி நாய் அங்கே நின்றுவிடும், கத்தினாலும் நகராது. சொன்னதும் ஓடியிருந்தால் வண்டியோடு எல்லாரும் கடலுக்குள். தலைமுறை தலைமுறையாக அப்படி மறுக்கத் தெரிந்த நாய்களின் வாரிசுதான் உங்கள் வீட்டில் இருப்பது. டோகோ என்ற நாயைக் குட்டியில் ஒன்றுக்கும் உதவாத அடங்காப்பிடாரி என்றுதான் பனிவண்டி ஓட்டுநர் செப்பாலா வேறொருவருக்குக் கொடுத்தார். சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவரிடமே ஓடிவந்தது. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்துக்காக உறைந்த கடல்மேல் அவர் வண்டிக்கு முன்னால் ஓடியது அதே டோகோ. அப்போதே அது வயதான நாய்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். ராத்திரி மழை பெய்த காலைகளில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து காட்டுக்குள் போனதும், முதல் மரத்தில் கத்தியை வைக்கமாட்டார். உள்ளங்கையைப் பட்டையில் அழுத்தி, எடுத்துப் பார்ப்பார். ஈரம் ஒட்டியிருந்தால் வெட்டமாட்டார். ஈரப்பட்டையில் வெட்டினால் பால் மங்குக் கிண்ணத்துக்குப் போகாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். வெட்டின இடத்தில் பூசணம் பிடித்துப் பட்டை அழுகும். வேலை வாங்கும் மண்டோருக்கும் அது தெரியாததல்ல. ஆனாலும் ‘சொன்னதைச் செய்’ என்பார். அப்பா செய்யமாட்டார். அன்றைய கூலி போகும். தலையைக் குனிந்துகொண்டு வெட்டியவர்களுக்கு ‘நல்ல ஆள்’ என்று பெயர். அப்பாவுக்குத் ‘திமிர் பிடித்தவன்’ என்று பெயர். மண்டோர் சொன்னதுகூடப் பரவாயில்லை, தம்பி. லயத்தில் நம் சனமும் அதையே சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதட்டலுக்கு அடங்குவதுதான் நல்ல குணம் என்று தோட்டம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பிறகும் அதே அளவுகோலை ஏன் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்? உங்கள் தாத்தாவின் நாயைக் குறை சொல்லவில்லை. அது அது வளர்ந்த இடத்தின் நாய். இந்தப் பிள்ளைக்கு வேறு புத்தி. விடியற்காலையில் மார்வார் மாட்டி இழுக்க விடுங்கள், நன்றாகக் களைக்கட்டும்; ஊளை பாதி குறைந்துவிடும். கூப்பிட்டு வராவிட்டால் அடிக்காதீர்கள், கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள்.

எப்படி அடக்குவது என்று மட்டும் இனி எனக்கு எழுதாதீர்கள். எந்த நேரத்தில், எதற்கு மறுக்கிறது என்று ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து எழுதுங்கள். உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.