கேமரா பைத்தியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அண்ணே

நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டக் குடும்பம். மகன் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு நன்றாகவே எழுதியிருக்கிறான், இயற்பியலில் ஏ. பழைய ஃபிலிம் கேமராக்களைக் கழற்றி மாட்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. ஜெர்மன் கேமரா கம்பெனி லைக்கா மாதிரி இடத்தில் வேலை செய்ய ஆசை. பெரியப்பாவோ டாக்டருக்குத்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கேமராவைக் கைப்பேசி விழுங்கிவிட்டதே என்று அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பையனை எதில் சேர்ப்பது என்று அவர்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்.

அண்ணே, நான் பெரியப்பா பக்கம் இல்லை. தனியார் மருத்துவப் படிப்புக்கு லட்சக்கணக்கில் ரிங்கிட் ஆகும். 2016 கடைசியிலிருந்து புது டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்தத்தில்தான் எடுத்து வந்திருக்கிறது; நிரந்தரப் பதவி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பையனுக்கே மனமில்லாத படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள், ஓய்வுக்காலத்துக்கான இபிஎஃப் சேமிப்பையும் தொடாதீர்கள். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

உங்கள் பயத்திலும் பாதி நியாயம் இருக்கிறது. ஃபிலிம் கம்பெனி கொடாக் 2012-இல் திவால் மனு போட்டது. லைக்காவே 2005 வாக்கில் மூழ்க இருந்தது. விலையில் யாரோடும் மோதாமல், கையால் பொருத்திச் சரிபார்க்கும் வேலையை விடாமல் பிடித்துக்கொண்டு மீண்டது. இன்று அதன் எம் வரிசைக் கேமரா, லென்ஸ் இல்லாமலே, அடிப்படை ஆக்சியா காரைவிட விலை அதிகம். ஸ்வீடன் கேமரா கம்பெனி ஹாசல்பிளாட் 2017-இல் டிரோன் கம்பெனி டிஜேஐ கைக்குப் போனது. டென்மார்க்கின் ஃபேஸ் ஒன், விமானத்திலிருந்து நிலத்தைப் படம்பிடிக்கவும் அருங்காட்சியக ஓவியங்களைப் பதிவு செய்யவும் கேமரா செய்கிறது. இவர்கள் பிழைப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லாமே சின்ன கம்பெனிகள். ஜெர்மனியில் உங்கள் மகனுக்கு வேலை காத்திருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஃபோட்டோகிராஃபி டிப்ளோமாவும் வேண்டாம், செலவுதான் மிஞ்சும்.

அவன் கைக்கு ஏற்ற வேலை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: தொழிற்சாலைக் கேமரா. பத்து காவானில் விட்ராக்ஸ் போன்ற கம்பெனிகள், சர்க்யூட் போர்டுகளைக் கேமராவால் பரிசோதிக்கும் இயந்திரங்களைத் தயாரிக்கின்றன. போர்டில் பாகங்களை ஒட்டும் ஈயப் பற்று பளபளக்கும். வெளிச்சம் தவறான கோணத்தில் விழுந்தால் நல்ல போர்டும் பழுதாகத் தெரியும். அதைத்தான் ஃபால்ஸ் கால் என்பார்கள். எந்த லென்ஸ், எவ்வளவு தூரம், எந்த நிற விளக்கு, உயரம் மாறினாலும் அளவு மாறாத டெலிசென்ட்ரிக் லென்ஸ் வேண்டுமா, சம இடைவெளியில் புள்ளிகள் பதித்த தகட்டை வைத்துக் கேமராவின் அளவை எப்படித் திருத்துவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். பழைய லைக்காவில் ஃபோகஸ் பிசகுவதைக் கண்டுபிடிக்கிறவனுக்கு இந்தப் பொறுமை ஏற்கெனவே வந்திருக்கும். நம் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

பொலிடெக்னிக்கில் இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த மெக்கட்ரோனிக் டிப்ளோமாவுக்கு மனு போடுங்கள். அங்கே செமஸ்டர் கட்டணம் சில நூறு ரிங்கிட்தான். பாயான் லெப்பாசில் 1989 முதல் நடக்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்துக்கும் அவனை அழைத்துப்போய், பயிற்சியில் லென்ஸும் விளக்கும் கையில் கிடைக்குமா என்று அவனையே கேட்கவிடுங்கள். எந்த கம்பெனியாவது செலவை ஏற்றுக்கொண்டு ஒப்பந்தம் நீட்டினால், எத்தனை வருடம் கட்டுப்பட வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.