பெட்டக அறையில் மதுக்கூடம்

கேள்வி: லண்டனில் பழைய வங்கி ஒன்று ஓட்டலாகி, அதன் பெட்டக அறையில் மதுக்கூடம் நடக்கிறதாமே? அப்படி மாற்றுவதில் என்ன சிக்கல்? – வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் கேட்பது 'தி நெட்' ஓட்டல். மிட்லண்ட் வங்கிக்காக எட்வின் லட்யன்ஸ் 1924-இல் வடிவமைத்த கட்டடம், 2017-இல் ஓட்டலானது. வங்கிக் கூடத்தின் வால்நட் மரக் கவுண்டர்களைப் பிடுங்கி எறியாமல், அவற்றுக்கு நடுவிலேயே உணவகங்களை அமைத்தார்கள். அருமையான முடிவு அது. கீழே 3,000-க்கும் மேற்பட்ட பெட்டகங்கள் சுவரோடு அப்படியே இருக்கின்றன. வாசலில் சுமார் 20 டன் எடையுள்ள வட்டக் கதவு.

பெட்டக அறை என்றாலே முதல் தலைவலி காற்றும் தீயும்தான். யாரும் நுழைய முடியாதபடி கட்டியது, ஒரே வாசல். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களுக்கும் அதுவே வினை. இரண்டாவது வெளியேறும் வழி இல்லாமல் கூட்டத்தை அனுமதிக்கவே கூடாது. கனத்த கதவைத் திறந்த நிலையிலேயே அசையாமல் பூட்டிவிட வேண்டும். காற்றுக்குழாய்க்குத் துளை போட, அதிரவைக்கும் உடைப்பான் வேண்டாம். வைரமுனைத் துளைப்பான் போதும். அதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளர் சுவருக்குள் இரும்புக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று ஸ்கேன் செய்தாக வேண்டும். கைபேசி சிக்னலும் உள்ளே எட்டாது, தனி ஆன்டெனா தேவை.

நம்மூர்ப் பழைய வங்கிகளில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அதன்மேல் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் உப்புப் பூத்து உதிரும்.