பாட்காஸ்ட்டுக்குக் கேட்பவர்களைச் சேர்க்கச் சமூக ஊடகங்களை எப்படிப் பயன்படுத்த வேண்டும்?

எபிசோடு வெளியாகும் ஒவ்வொரு முறையும் அட்டைப்படத்தையும் லிங்க்கையும் எல்லாத் தளங்களிலும் பகிர்ந்துவருவதாகவும், லைக்குகள் வந்தாலும் கேட்பவர்களின் எண்ணிக்கை மட்டும் அசையவே இல்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். உடல்நலம் பற்றிய ஒரு பாட்காஸ்ட்டைத் தோழி ஒருவருடன் சேர்ந்து நடத்திவருபவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். அட்டைப்படமும் லிங்க்கும் மட்டும் கொண்ட பதிவு, உங்களை ஏற்கெனவே கேட்டுவருபவர்களுக்கு ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். உங்களை அறியாத ஒருவர் நின்று பார்ப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

சமூக ஊடகத்தில் இருக்கும் நேரமும் பாட்காஸ்ட் கேட்கும் நேரமும் வேறு வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஃபீடைத் தள்ளிக்கொண்டிருப்பவரின் கண்ணும் விரலும் போனில் இருக்கின்றன. அவரிடம் இருப்பது சில நொடிகள், பல சமயம் ஒலியையும் அணைத்து வைத்திருப்பார். அதே மனிதர் பாட்காஸ்ட் கேட்பது நடக்கும்போதோ, வண்டி ஓட்டும்போதோ, வீட்டு வேலை செய்யும்போதோதான். ஆகவே இன்று உங்கள் பதிவைப் பார்ப்பவர் அந்த நொடியிலேயே லிங்க்கை அழுத்தி நாற்பது நிமிடம் கேட்பார் என்று எதிர்பார்ப்பது சரியன்று. தளங்களும் தங்கள் பயனர் வெளியே செல்வதை விரும்புவதில்லை. இன்ஸ்டாகிராம் பதிவின் கேப்ஷனில் தரும் லிங்க் அழுத்தினால் திறக்காது. யூடியூபின் குறுவீடியோக்களான ஷார்ட்ஸின் விவரக்குறிப்பிலும் கமெண்டிலும் தரும் லிங்க்குகள் 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து திறப்பதில்லை. எனவே ஒரு பதிவின் வேலை உடனே ஆளைக் கூட்டிவருவதன்று; உங்கள் குரலையும் பாட்காஸ்ட்டின் பெயரையும் அவர் நினைவில் பதியவைத்து, பிறகு அவரே தேடிவரும்படி செய்வதுதான். இதை ஏற்றுக்கொண்டால் எதைப் பதிவிடுவது, எப்படிப் பதிவிடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை மாறிவிடும்.

பதிவிட வேண்டியது, எபிசோடிலிருந்து வெட்டியெடுத்த, தன்னளவில் முழுமையான ஒரு துண்டு. முதுமையில் வரும் செவித்திறன் குறைவு பற்றிச் செவித்திறன் நிபுணர் ஒருவருடன் நாங்கள் ஒரு நீண்ட எபிசோடு செய்தோம். அவருடைய படிப்பையும் பணியையும் அறிமுகப்படுத்தும் தொடக்கப் பகுதியை வெட்டிப் போடுவதுதான் எளிது. ஆனால் அவரை அறியாதவருக்கு அந்த அறிமுகத்தால் என்ன பயன்? உரையாடலின் நடுவில், "அப்பாவிடம் கத்திச் சொன்னாலும் புரியவில்லை என்கிறாரே, ஏன்?" என்று தோழி கேட்ட இடத்தில் எங்கள் துண்டு தொடங்கியது. "அவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல்தான் பிடிபடவில்லை. வயதாகும்போது பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் மங்கும். ச, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் காதில் விழாது. நீங்கள் கத்தினால், அவருக்கு ஏற்கெனவே கேட்கும் ஒலிதான் இன்னும் பெரிதாகும். எதிரில் உட்கார்ந்து, முகம் தெரியும்படி நிதானமாகப் பேசிப் பாருங்கள்" என்று அவர் சொல்லி முடிக்கும் இடத்தில் துண்டும் முடிந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தப் பகுதியைப் பார்த்தவருக்கு அன்றைக்கே வீட்டில் செய்துபார்க்க ஒன்று கிடைத்தது. அதை அண்ணனுக்கும் தங்கைக்கும் அனுப்பிவைக்க ஒரு காரணமும் கிடைத்தது. இப்படி ஒருவர் இன்னொருவருக்குத் தனியாக அனுப்பும் பகிர்வை நான் நூறு லைக்குகளுக்கு மேலாக மதிக்கிறேன், ஏனெனில் அது தெரிந்தவரின் பரிந்துரையோடு போய்ச் சேருகிறது.

கேள்வியை மட்டும் காட்டிவிட்டு, "விடைக்கு எபிசோடைக் கேளுங்கள்" என்று வெட்டிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. விடையை மறைத்தால் பார்ப்பவர் ஏமாற்றத்தோடு அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டுப் போவார். விடையைக் கொடுத்தால், ஒரு நிமிடத்திலேயே இவ்வளவு சொல்லும் இவர்கள் முழு உரையாடலில் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்ற நம்பிக்கை பிறக்கும். கேட்கும் கருவி எப்போது வாங்குவது, வாங்க மறுக்கும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பவையெல்லாம் அந்த எபிசோடில் மிச்சம் இருந்தன. நல்ல எபிசோடில் கொடுத்தது போகவும் எப்போதும் மிச்சம் இருக்கும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடியோ 9:16 என்ற செங்குத்து அளவில் இருக்கட்டும். சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். தானாக உருவாகும் சப்டைட்டிலில் பெயர்களும் துறைச்சொற்களும் பிழையாக வருவதால், ஒவ்வொரு வரியையும் கையால் திருத்திய பிறகே வெளியிடுங்கள். தொடக்க இசை, லோகோ, வணக்கம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதல் நொடியிலேயே பேச்சு தொடங்க வேண்டும். அட்டைப்படத்தின் மேல் ஒலி அலை மட்டும் அசையும் ஆடியோகிராம் செய்வதைவிட, சாதாரண போன் கேமராவில் பதிவானதாயினும் பேசுபவரின் முகம் தெரிவது நல்லது.

தேடிவருபவர் உங்களைக் கண்டுபிடிக்க முடிவது இன்னும் முக்கியம். ஒவ்வொரு துண்டிலும் பாட்காஸ்ட்டின் பெயர் திரையின் ஓர் ஓரத்தில் எழுத்தாக இருக்கட்டும். எல்லாத் தளங்களிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே படம் இருக்கட்டும். தமிழ்ப் பெயராக இருந்தால் ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் உண்டு என்பதால், விவரக்குறிப்பில் இரண்டு வடிவங்களையும் கொடுத்துவிடுங்கள். பயோவில் ஒரே ஒரு லிங்க் போதும்: ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், யூடியூப் மூன்றுக்கும் அதிலிருந்து வழி இருக்க வேண்டும். எந்தச் செயலியில் கேட்பது என்பது கேட்பவரின் உரிமை. அதை நாம் தீர்மானிக்கக் கூடாது.

எல்லாத் தளங்களிலும் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவரோ இருவரோ நடத்தும் பாட்காஸ்ட்டுக்கு அது உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் வேலை. அந்த நேரத்தை எபிசோடுக்குக் கொடுப்பதே மேல். உங்கள் பொருளைப் பேசுபவர்கள் எங்கே கூடுகிறார்களோ அந்த ஒரு தளத்தைத் தேர்ந்தெடுங்கள், அதோடு யூடியூபையும் வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், அங்கே துண்டைப் பார்ப்பவர் முழு எபிசோடைக் கேட்க வேறு செயலிக்குப் போக வேண்டியதில்லை என்பதுதான். ஷார்ட்ஸைப் பதிவேற்றும்போது, தொடர்புடைய வீடியோ என்ற இடத்தில் முழு எபிசோடை இணைத்துவிடலாம். 2024 அக்டோபர் முதல் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை இருக்கலாம் என்பதால், ஓர் அனுபவத்தை அவசரப்படாமல் சொல்லவும் இடம் கிடைக்கிறது. கூகுளும் 2024இல் தன் கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியை மூடிவிட்டு, கேட்பவர்களை யூடியூப் மியூசிக்குக்கு மாறச் சொன்னது. மேலும், யூடியூப் ஒரு தேடுபொறியும்கூட. "எபிசோடு 14: ஒரு இனிய உரையாடல்" என்று தலைப்பு வைத்தால் அதை யாரும் தேடப்போவதில்லை, மக்கள் உண்மையில் தட்டும் கேள்வியையே தலைப்பாக வையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரும் வழி, பிறரின் கேட்பவர்களைச் சந்திப்பது. உங்கள் பொருளுக்கு அருகில் உள்ள இன்னொரு பாட்காஸ்ட்டில் நீங்கள் விருந்தினராகப் பேசினால், அங்கே உங்களைக் கேட்பவரிடம் செயலியும் இருக்கிறது, கேட்கும் பழக்கமும் இருக்கிறது; அவர் புதிதாகக் கற்க வேண்டியது உங்கள் பெயரை மட்டும்தான். அதேபோல் உங்களிடம் வரும் விருந்தினருக்கு, "பகிருங்கள்" என்று வெறும் லிங்க்கை அனுப்பாமல், அவர் சிறப்பாகப் பேசிய ஒரு துண்டைச் சப்டைட்டிலோடு தயாரித்து, கேப்ஷனும் எழுதி, எபிசோடு வெளியாகும் நாளுக்கு முன்பே அனுப்பிவையுங்கள். இன்ஸ்டாகிராமில் கொலாப் முறையில் பதிவிட்டால் ஒரே பதிவு இருவரின் பக்கத்திலும் தெரியும். லைக்கும் கமெண்டும் ஒன்றாகவே சேரும்.

குழுக்களில் நுழைந்து லிங்க்கைப் போட்டுவிட்டு வெளியேறுவது மரியாதையும் ஆகாது, பயனும் தராது. அங்கே எழும் கேள்விக்கு எழுத்திலேயே முழு விடை சொல்லுங்கள். விரும்புபவர் உங்கள் பக்கத்துக்கு வந்து பார்ப்பார். அடுத்த எபிசோடுக்கான கேள்விகளையும் அங்கேயே கேட்டு வாங்கலாம். தன் கேள்விக்கு எபிசோடில் விடை வந்தால், கேட்டவர் அதைத் தன் வட்டத்தில் தானே பகிர்வார்.

கணக்கை எங்கே பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் மனம் தளர்வது தவறான எண்ணைப் பார்த்துத்தான். ஒரு ரீலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது பாட்காஸ்ட்டின் வளர்ச்சியன்று. பதிவிறக்க எண்ணிக்கையையும் முழுதாக நம்ப முடியாது: 2023 செப்டம்பரில் வந்த, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17இல் ஆப்பிள் தானியங்கிப் பதிவிறக்க முறையை மாற்றியதும், கேட்பவர்கள் குறையாமலேயே பல பாட்காஸ்ட்களின் பதிவிறக்கம் சரிந்தது. நான் பார்ப்பது இரண்டை மட்டும்: ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் இரண்டிலும் ஃபாலோ செய்பவர்கள் மாதத்துக்கு மாதம் கூடுகிறார்களா, எபிசோடை எந்த நிமிடம் வரை கேட்கிறார்கள். இரண்டு தளங்களும் இவற்றை இலவசமாகவே காட்டுகின்றன. முதல் ஐந்து நிமிடத்திலேயே பெரும்பகுதியினர் விலகுவதை அந்த வரைபடம் காட்டினால், புதிய ஆட்களை அழைப்பதை நிறுத்திவிட்டு எபிசோடின் தொடக்கத்தைத் திருத்துங்கள்; வருகிறவர்கள் தங்காத இடத்துக்கு மேலும் ஆட்களைக் கூப்பிடுவதில் பொருளில்லை.

உங்களிடம் ஏற்கெனவே ஓராண்டு எபிசோடுகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். புதிய எபிசோடுக்குக் காத்திருக்க வேண்டாம். ஃபீடில் உங்களை முதன்முறை பார்ப்பவருக்குப் பழைய எபிசோடும் புதியதுதான். காலத்தால் பழசாகாத கேள்வி உள்ள எபிசோடுகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் மீண்டும் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். நீங்களே வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்கத் தொடங்கிய இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய கேள்வியிலிருந்து வெட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு துண்டுகளை ஒரே தளத்தில் மூன்று மாதம் விடாமல் வெளியிட்டுவிட்டு, அதன் பிறகு ஃபாலோ எண்ணிக்கையைப் பாருங்கள்.