செய்தியா, சுற்றறிக்கையா, விளம்பரமா? எழுத்து வகை கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டீச்சர். ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். எழுத்து வகைகளை அடையாளம் காணச் சொல்லித் தர, கடிதம் என்றால் அனுப்புநர், பெறுநர், செய்தி என்றால் தலைப்பு, ஊர், தேதி என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். மனப்பாடமாகச் சொல்கிறார்கள், ஆனால் அதில் இல்லாத ஒன்றை நீட்டினால் விழிக்கிறார்கள்.

பதில்: அட்டவணையை ஓரமாக வையுங்கள். எதைக் கொடுத்தாலும் முதலில் வினைமுற்றுகளுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள், தமிழில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். 'வதக்கவும், இறக்கவும்' என்று வந்தால் யாரோ நம்மைச் செய்யச் சொல்கிறார்கள். சமையல் குறிப்பாக இருக்கலாம், மிக்ஸியோடு வரும் கையேடாகவும் இருக்கலாம். 'தெரிவித்தார், கூறப்படுகிறது' என்றால் பெரும்பாலும் செய்தி. 'வேண்டும், கூடாது' என்று அடுக்கினால் தலையங்கம் பக்கம் போய்விட்டோம். 'முந்துங்கள்!' பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: எழுதியவர் யாரை என்ன செய்ய வைக்கப் பார்க்கிறார்?

கேள்வி: சுற்றறிக்கையிலும் 'அனுப்பி வைக்கவும்' என்றுதானே வருகிறது? அதுவும் சமையல் குறிப்பும் ஒன்றா?

பதில்: நல்ல மடக்கல். இதையே வகுப்பில் கேளுங்கள். ரசத்தில் பெருங்காயம் போடாவிட்டால் குறிப்பு எழுதியவர் ஒன்றும் செய்ய முடியாது. சுற்றறிக்கையை மீறினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதனால்தான் அதில் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), பொருள், பார்வை (முந்தைய உத்தரவைச் சுட்டும் வரி) எல்லாம் இருக்கிறது: யார் சொன்னது, எந்த உத்தரவின்படி என்று பிறகு காட்ட வேண்டுமே. இப்படிக் காரணத்தோடு சொன்னால் அந்த அடையாளங்களை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் 'நியூஸ்ல போட்டிருக்காங்கம்மா' என்கிறான். இதற்கும் நீங்கள் சொல்வதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இதற்காகத்தான் எழுத்து வகையே சொல்லித் தர வேண்டும் என்பேன், பரீட்சை எல்லாம் அப்புறம். இரண்டு இடத்தில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, நாள். 'நாளை முதல் புதிய விதி' என்று இருக்கும், எந்த நாளை? நாளிதழ்ச் செய்தியில் 'மதுரை, ஜூன் 5' என்று முதலிலேயே வந்துவிடும், இல்லாவிட்டால் பக்கத்தின் தலையில் தேதியாவது இருக்கும். இரண்டு, 'அதிகம் பகிரவும்'. செய்தியின் வேலை சொல்வதோடு சரி, 'பத்துப் பேருக்கு அனுப்பு' என்று கெஞ்சாது. கெஞ்சினால் அது செய்தி வேஷம் போட்ட வேறு ஏதோ. அச்சிலும் இந்த வேஷம் உண்டு: செய்தி மாதிரியே பத்தி பிரித்து, நிபுணர் பேட்டியெல்லாம் போட்டு, மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கும். பழைய பேப்பர் கட்டைக் கொடுத்து அந்தப் பொடி எழுத்தைத் தேட விடுங்கள், பையன்களுக்குத் துப்பறிகிற குஷி வந்துவிடும்.

கேள்வி: டொராண்டோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அவர்களுக்கு இது சரிவருமா?

பதில்: தாராளமாக. நீண்ட பத்தி வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ், ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளின் மலிவு விலைத் துண்டுப் பிரசுரம், எல்லாவற்றையும் மேசையில் கலந்து கொட்டுங்கள். பெயர் சொல்லாமல் பிரிக்கச் சொல்லுங்கள், பிரித்த பிறகு ஏன் இப்படி என்று கேளுங்கள். படம், எண், பெயர் இருக்கும் இடம் இவற்றை வைத்தே நிறைய கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டுக் கல்வியில் இருந்து இறக்குமதி செய்ததுதானே, நமக்கு எதற்கு?

பதில்: தொல்காப்பியச் செய்யுளியலைப் புரட்டிப் பாருங்கள். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழாகப் பிரித்திருக்கிறது, பிசி என்கிற விடுகதையும் முதுசொல் என்கிற பழமொழியும்கூடத் தனித்தனி வகை. ஆனால் இந்தப் பட்டியலை ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள், மறுபடி மனப்பாடம்தான்.

கேள்வி: புரிந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: வகையை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ரசம் வைக்கும் குறிப்பைக் கொடுத்து நாளிதழ்ச் செய்தியாக்கச் சொன்னால், 'புளி கரைக்கப்பட்டதாக வீட்டு வட்டாரங்கள் தெரிவித்தன' என்று ஒரு குழந்தை எழுதினால் போதும், முழு மதிப்பெண்.